லாக் கோப்புக்கு ‘நாள்வழி’

அன்புள்ள நண்பர்களுக்கு,

கணினி தன்னில் நடப்பவற்றைத் தானாக எழுதிக்கொண்டே போகும் லாக் (log) கோப்புக்குத் தமிழில் ‘குறிப்பேடு’ என்ற சொல்லே போதும் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. குறிப்பேட்டில் எதையும் எங்கும் எழுதலாம், வேண்டாத தாளைக் கிழித்தும் எறியலாம். லாக் நேர வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறுவது. முன் வரியில் கைவைத்தால் அதன் மதிப்பே போய்விடும்.

சொல்லின் பிறப்பும் இதைத்தான் காட்டுகிறது. லாக் என்றால் முதலில் மரக்கட்டை. முடிச்சுகள் போட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கப்பலின் பின்னால் கடலில் வீசுவார்கள். கட்டை நீரில் நின்றுவிடும். கப்பல் முன்னே போகப் போகக் கயிறு ஓடும். மணற்கடிகை வடிவதற்குள் கையைக் கடந்த முடிச்சுகளே வேகக் கணக்கு. 28 விநாடிக் கடிகைக்கு முடிச்சுகளின் இடைவெளி 47 அடி 3 அங்குலம். கப்பல் வேகத்தை இன்றும் ‘நாட்’டில் (knot, முடிச்சு) சொல்வது இதனால்தான். 1574இல் ஆங்கிலேயரான வில்லியம் போர்ன் இம்முறையை எழுதிவைத்தார். அந்த அளவுகளை ஏற்றிய ஏட்டுக்குக் கட்டையின் பெயரே நிலைத்தது. கணிதத்து லாக் வேறு குடும்பம். கிரேக்கச் சொற்களைக் கோத்து 1614இல் கணித அறிஞர் நேப்பியர் தந்த ‘லாகரிதம்’ என்பதன் சுருக்கம். அதற்கு ‘மடக்கை’ இருக்கிறது.

என் பரிந்துரை ‘நாள்வழி’. அன்றாட வரவு செலவை ஏற்றும் ஏட்டுக்கு நம் பழைய கணக்கர்கள் வைத்திருந்த பெயர். இங்கே கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில் அது மலையாளத்திலும் காதில் விழுகிறது. மலையாள விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறக்க ‘நாள்வழி காணுக’ என்றுதான் இருக்கிறது.

வரிசை குலையாத ஏட்டின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆழியாற்று நீரில் கேரளத்துக்கு உரிய 7.25 டி.எம்.சி.யை (நூறு கோடி கன அடி), தமிழகத்தோடு செய்த 1970 ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் அளக்கிறார்கள். ஜூலை 1 முதல் மறு ஜூன் 30 வரை ஓர் ஆண்டு. அன்றன்றைய அளவு வரிசை குலையாமல் ஏறியிருந்தால்தான் இன்னும் எவ்வளவு வரவேண்டும் என்று எங்கள் உழவர்கள் கேட்க முடியும். அந்த ஏட்டைக் குறிப்பேடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நொடிக்கு நொடி எழுதும் கணினிக்கு ‘நாள்’ எதற்கு என்று கேட்கலாம். கட்டையே இல்லாத கணினியில் ஆங்கிலம் கட்டையின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறதே! பிழை நாள்வழி, அணுகல் நாள்வழி, நாள்வழியில் ஏற்று என்று கிளைச்சொற்களும் இயல்பாக வருகின்றன. லாகினுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் வேரூன்றிய ‘புகுபதிகை’ அப்படியே இருக்கட்டும்.

மென்பொருள் மொழிபெயர்ப்பவர்கள் ‘பிழை நாள்வழியைக் காட்டு’ என்று ஒரு பட்டியில் (மெனுவில்) இட்டுப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து