பழைய இறால் குளத்தில் தட்டைமீன் வளர்க்க இயலுமா?

கிரியான்கரை:
பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் செம்பனைத் தோட்டத்தை அடுத்துள்ள என் மாமாவின் இறால் குளங்கள், நோய் வந்த பிறகு வெறுமையாகக் கிடக்கின்றன. டர்போட், ஹாலிபட் போன்ற தட்டைமீன்களுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைப்பதாகப் படித்துவிட்டு, அவற்றை இங்கே வளர்க்க வேண்டும் என்று தம் சேமநிதிப் பணத்தை இறக்கவே அவர் ஆயத்தமாக இருக்கிறார். இத்தொழில் அறிந்தவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

நீர்ப்பண்ணை:
ஐயா, முதலில் வெப்பநிலையைக் கவனியுங்கள். டர்போட் 14 முதல் 18 டிகிரி வரையுள்ள நீரில்தான் செழித்து வளரும். ஹாலிபட் அதைவிடக் குளிர்ந்த நீரை நாடும். நம் கடல்நீரோ 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. சீனா 1992இல் டர்போட்டை வரவழைத்து, சான்டோங் கரையில் பெருந்தொழிலாக வளர்த்தெடுக்க முடிந்ததற்கு, அங்கே நிலத்தடியில் கிடைத்த குளிர்ந்த உவர்நீரும், அந்நீரைக் கொண்டு கூரைக் கொட்டகைக்குள் நடத்திய தொட்டி வளர்ப்புமே காரணம். இங்கே ஒரு கன மீட்டர் கடல்நீரை 29 டிகிரியிலிருந்து 17 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 14 கிலோவாட் மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நல்ல குளிர்விப்பு இயந்திரமே ஆனாலும் அதற்கு 4 கிலோவாட் மணி அளவுக்கு மின்சாரம் செலவாகும். வெயிலில் திறந்து கிடக்கும் மண்குளத்தில் அந்தக் குளிர் நிற்கவும் நிற்காது. நீரைச் சுத்திகரித்து மீண்டும் சுழலவிடும் மூடிய தொட்டிகளில் செலவு குறையும் என்றாலும், அப்படிச் செய்தால் மாமாவின் குளங்கள் பயன்படப் போவதில்லை.

செம்பனைமகன்:
குளிர்நீர் மீன் வேண்டாம். நம் சந்தையில் இக்கான் செபெலா என்று விற்கும் எருமைநாக்கு என்னும் தட்டைமீன் இந்த வெப்பக் கடலிலேயே வாழ்வதுதானே? அதை வளர்த்தால் என்ன?

கடலோரம்:
தம்பி கேட்பது நியாயமே, ஆனால் குஞ்சுக்கு எங்கே போவது? தட்டைமீன் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவந்தவுடன் மற்ற மீன்களைப் போலவே நிமிர்ந்து நீந்தும். பிறகுதான் ஒரு கண் மறுபக்கம் நகர்ந்து, உடல் சாய்ந்து, அடித்தரையில் படுக்கத் தொடங்கும். அந்த உருமாற்றத்தின்போது ரொட்டிஃபர், ஆர்டீமியா போன்ற மிகச்சிறு நீருயிர்களாகிய உயிருணவில் சத்துக் குறைந்தால், நிறம் வெளுத்த குஞ்சுகளும் கண் சரியாக நகராத குஞ்சுகளும் மிகுந்துவிடும். ஐரோப்பாவில் செனகல் நாக்குமீன் என்னும் தட்டைமீனை வளர்த்தவர்களுக்கு வேறொரு தடை வந்தது: பண்ணையில் பிறந்த ஆண்மீன்கள் பெண்மீன்களோடு இணையாததால், கடலில் பிடித்த மீன்களையே இனப்பெருக்கத்துக்கு நம்பியிருக்க வேண்டியதாயிற்று. எருமைநாக்கோ கூரிய பற்கள் கொண்ட ஊனுண்ணி. அதன் குஞ்சை விலைக்குத் தரும் பொரிப்பகமும் நம் பக்கத்தில் இல்லை.

இறால் குளத்தின் அடிச்சேறு எனக்கு இன்னும் பெரிய கவலை. பழைய தீவனமும் கழிவும் அழுகி உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு, அடியிலேயே படுத்துக் கிடக்கும் மீனைத்தான் முதலில் தாக்கும். தட்டைமீன்களின் எண்ணிக்கையைத் தரைப்பரப்பை வைத்தே முடிவு செய்கிறார்கள் என்பதால், குளத்தின் ஆழத்தாலும் பயன் இராது.

மாமா அந்தக் குளங்களையே பயன்படுத்த விரும்பினால், சேற்றை அகற்றிக் காயவிட்டுச் சியாகாப் எனப்படும் கொடுவா மீனை வளர்க்கட்டும். அது உவர்நீரைத் தாங்கும், குஞ்சும் உள்நாட்டிலேயே கிடைக்கிறது. பினாங்குத் தீவிலுள்ள பத்து மாவுங்கில் மீன்வள ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. பணத்தை எடுப்பதற்கு முன் அவரை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

கிரியான்கரை:
மூவருக்கும் நன்றி. மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். மின்சாரக் கணக்கைக் கேட்டதும் டர்போட் எண்ணத்தைக் கைவிட்டார். சியாகாப் குஞ்சுகளை எந்த அளவில் வாங்கி விடுவது நல்லது என்று கேட்கச் சொன்னார்.