காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு

பீடோர் (மலேசியா) குடும்பக் குழு
தவக்காலம், முதல் வாரத்து வெள்ளி

ரோசி அத்தை, 8:40
சிலுவைப்பாதை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். 14 தலத்துக்கும் முழங்கால் போட்டதில் மூட்டு கழன்றுவிட்டது.

பெரியப்பா, 8:42
தைலம் போடு. நான் திருநீற்றுப் புதனிலிருந்து கோழி, ஆடு, தே தாரிக் பால் டீ எல்லாம் விட்டாச்சு. 40 நாளில் ஞாயிறு சேராதாம். அன்றைக்கு மட்டும் ஒரு கிளாஸ் 😄

அண்ணன், 8:47
தே தாரிக் சரி பெரியப்பா. இன்றைய நற்செய்தியைக் கேட்டீர்களா? மத்தேயு 5:20-26.

பெரியப்பா, 8:48
பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் சத்தம்.

அண்ணன், 8:53
காணிக்கை செலுத்தப் போன இடத்தில் சகோதரன் நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் ஆகு என்கிறார் இயேசு. பலிபீடம் இருந்தது எருசலேமில். அவர் பேசியது கலிலேயாவில். நடுவில் 100 கிலோமீட்டருக்கு மேல். நாம் கோலாலம்பூருக்கு நடந்து போய், ஆட்டை அங்கே விட்டுவிட்டு, தம்பியிடம் பேச பீடோருக்கு நடந்து வந்து, மறுபடி கோலாலம்பூருக்கு நடப்பது மாதிரி.

ரோசி அத்தை, 8:54
அதுவரை ஆட்டை யார் பார்த்துக்கொள்வது?

பெரியப்பா, 8:58
யாரைச் சொல்கிறாய் என்று தெரிகிறது. எனக்கு அவன்மேல் ஒன்றும் இல்லை.

அண்ணன், 9:01
அங்கேதான் இடிக்கிறது. உங்களுக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அதில் இல்லை. அவருக்கு உங்கள்மேல் இருந்தால் என்றுதான் இருக்கிறது. நானும் இத்தனை வருஷம் தலைகீழாகத்தான் படித்திருக்கிறேன்.

பெரியப்பா, 9:03
டுரியான் மரம் கூரைமேல் சாய்ந்துகொண்டிருந்தது. வெட்டாமல் என்ன செய்வது?

ரோசி அத்தை, 9:06
வெட்டினது சரி அண்ணே. ஆனால் அப்பா நட்ட மரம். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘அந்த மடையனிடம் என்ன கேட்பது’ என்று இதே குழுவில் போட்டீர்கள். அன்றைக்கு வெளியேறியவன்தான்.

அண்ணன், 9:07
சகோதரனை மடையன் என்பவனைக் கண்டிக்கும் 22-ஆம் வசனத்தை மட்டும் இப்போது படிக்காதீர்கள் பெரியப்பா 🙏

பெரியப்பா, 9:09
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா, 9:10
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா, 9:25
என்ன எழுதித் தொலைத்தீர்கள்? ஒன்றும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண்ணாடி மேசைமேல் கிடக்கிறது.

ஜெசி, 9:48
எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறார். அப்பா கேட்டைத் திறக்கவில்லை.

ரோசி அத்தை, 9:48
சண்டையா?

ஜெசி, 9:52
இல்லை அத்தை. இவர் உள்ளே, அவர் வெளியே. கம்பி வழியாகக் கொய்யா விலை பேசுகிறார்கள். மரத்தைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.

ஜெசி, 10:15
அப்பா தே தாரிக் கலக்கச் சொல்கிறார். இரண்டு கிளாஸ். கேட் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.

பெரியம்மா, 10:16
அவர் விட்டிருக்கிறார். பால் விடாத தே ஓ போடு. சீனி குறைவாக.