வெளிநாட்டு மாணவர் புள்ளிவிபரத்தை உயர்தரப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

ஹட்டன் டீச்சர்:
உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு வழிகாட்டல் வகுப்பு வைக்கிறோம். அமெரிக்காவில் எந்த நாட்டு மாணவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் நவம்பரில் வெளிவரும் ஓபன் டோர்ஸ் அறிக்கையைத் திரையில் காட்டப்போகிறேன். 2023/24இல் இந்தியா 331,602, சீனா 277,398. 2009க்குப் பிறகு இந்தியா மீண்டும் முதலிடம் பிடித்த ஆண்டு அது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது நேபாளம்: 16,742 பேர். பணக்கார நாடில்லை. அவர்களுக்கு முடிந்தது நம்ம பிள்ளைகளுக்கும் முடியும். ஏஜென்சிக்காரர் சொல்வதை மட்டுமே கேட்டு நகையை அடகு வைக்கும் பெற்றோரும் இதைப் பார்க்கட்டும்.

ஊவாத் தம்பி:
டீச்சர், கோபிக்காதீங்க. அந்த 331,602 பேரும் வகுப்பில் இருப்பவர்கள் இல்லை. 97,556 பேர் படிப்பை முடித்துவிட்டு ஓபிடி அனுமதியில் வேலைப் பயிற்சியில் இருக்கிறவங்க. எல்லா நாடும் சேர்ந்த மொத்தம் 1,126,690. அதில் 242,782 பேர் இந்த ரகம். ஐந்தில் ஒருவருக்கும் மேல்!

இன்னொன்று. நாடுகளின் அட்டவணையில் இலங்கைக்கு இருப்பது ஒரே வரி, ஒரே எண். கொழும்பில் சர்வதேசப் பாடசாலையில் படித்த பிள்ளையும் அதற்குள்தான். மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்றாவது அதில் இருக்கா? நேபாளமும் அப்படித்தான், போனது காத்மண்டுப் பிள்ளையா கிராமத்துப் பிள்ளையா என்று தெரியாது. அதை வைத்துத் தோட்ட லயத்துப் பிள்ளைக்கு நம்பிக்கை கொடுப்பது சரியில்லை.

ஹட்டன் டீச்சர்:
ஓபிடி கணக்கு அதே அறிக்கையில் தனியாக இருக்கு, அதையும் சேர்த்துத்தான் காட்டுவேன். படித்து முடித்ததும் வேலை பழக வழியுண்டு என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டியதுதானே.

நாட்டு வரிக்குள் நாம் தெரியவில்லை என்கிறீங்க. நம்ம பல்கலைக்கழக அனுமதியைப் பாருங்க. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அதில் உண்டு. தோட்டத்துப் பிள்ளை யார், டவுன் பிள்ளை யார் என்று மாவட்டக் கணக்கும் பிரித்துக் காட்டாது. அதற்காக அந்தக் கணக்கே வேண்டாம் என்றோமா?

கம்பளைக்காரன்:
இடையில் ஒரு விஷயம். நாட்டுக்கு நாடு எண்ணும் முறையே வேறு. பிரித்தானியாவில் படிப்புக்கு முன் நிரந்தரமாக எங்கே வாழ்ந்தார் என்பதுதான் கணக்கு. கட்டாரில் வளர்ந்த இலங்கைப் பிள்ளை கட்டார் கணக்கில் போய்விடும். அவுஸ்திரேலியாவில் மாணவர் எண்ணிக்கை வேறு, பதிவு எண்ணிக்கை வேறு. ஆங்கில வகுப்பு முடித்து அதே ஆண்டில் டிகிரியில் சேர்ந்த ஒருவர் இரண்டு பதிவு. ஏஜென்சி விளம்பரத்தில் வருவது எந்த எண் என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்க.

ஊவாத் தம்பி:
மாவட்டக் கோட்டா ஒரு பிள்ளைக்கு இடம் வாங்கிக் கொடுக்குது டீச்சர். அட்டவணையில் இருக்கும் நாட்டு வரி எதை வாங்கிக் கொடுக்கும்? ஓபன் டோர்ஸில் செலவு யாருடையது என்றும் ஓர் அட்டவணை இருக்கு. பாதிக்கு மேற்பட்டோருக்குச் சொந்தப் பணம், குடும்பப் பணம். 2024இல்தான் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்த அட்டவணையை முதலில் காட்டுங்க.

ஹட்டன் டீச்சர்:
அதை முதலில் காட்டினால் மலையேறி வந்த பிள்ளை அங்கேயே மனசை மூடிக்கொள்ளும். வறுமையை அதுகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, தம்பி. நாடுகளின் பட்டியல் முதலில், பண அட்டவணை அடுத்து, அதோடு முதுகலைக்குப் பல்கலைக்கழகமே சம்பளம் தரும் உதவியாளர் வேலைகள். அறிக்கை சொல்லாததை நாங்களே எடுக்கிறோம்: எங்கள் பழைய மாணவரில் வெளிநாடு போனவர் யார், எந்தப் பாடம், யார் செலவு என்று.

ஊவாத் தம்பி:
வரிசை தப்பு என்றுதான் இப்பவும் சொல்வேன். பழைய மாணவர் பட்டியலுக்குப் பண்டாரவளை, பசறைப் பக்கம் நான் விசாரித்துத் தாறேன். தோட்டத்துப் பிள்ளையா டவுன் பிள்ளையா என்று ஒரு நிரல் கட்டாயம் போடுங்க.