குளியலறைத் தளத்தை உடைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி:
பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் நான்காம் தளத்தில் வசிக்கிறோம். எங்கள் குளியலறைக்கு நேர் கீழே உள்ள வீட்டின் மேற்கூரையில் ஈரக்கறை பரவி வருகிறது. தளத்தை முழுமையாக உடைத்து வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வேண்டும் என்கிறார் ஓர் ஒப்பந்ததாரர். பழைய டைல்ஸின் மேலேயே புதியவற்றை ஒட்டினால் சத்தமும் தூசியும் இல்லாமல் முடித்துவிடலாம் என்கிறார் மற்றொருவர். மேல்வீட்டில் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவர் இருக்கிறார், எதிர்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டும் பெயர்கூட அறியாத இவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குப் பெருங்கவலை.

மறுமொழி 1:
முதலில் கசிவு எங்கிருந்து வருகிறது என்பதை அறியுங்கள். வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுச் சில மணி நேரம் தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள். அது ஓடினால் பழுது தண்ணீர் வரும் குழாயில் இருக்கிறது, அதற்குத் தளம் முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை. மீட்டர் அசையாமல் நின்றால் கழிவுநீர்க் குழாயையோ தளத்தையோ சந்தேகிக்கலாம்.

டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவது கசிவுக்குத் தீர்வாகாது. டைல்ஸ் இடுக்குகளில் நிரப்பும் சிமெண்ட் கலவை நுண்துளைகள் கொண்டது. நீரைத் தடுப்பது அதன் அடியிலுள்ள நீர்ப்புகாப் பூச்சுதான். அந்தப் பூச்சு தரையோடு நின்றுவிடாமல் சுவரிலும் ஏற வேண்டும். குழாய்கள் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடங்களில் தனிக் கவனம் தேவை, ஏனெனில் கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பூச்சு காய்ந்த பிறகு, டைல்ஸ் பதிப்பதற்கு முன், வடிகாலை அடைத்துத் தளத்தில் குறைந்தது 24 மணி நேரம் நீரைத் தேக்கிக் கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள். நாள் வீணாகிறது என்று ஒப்பந்ததாரர் அவசரப்படுத்தினாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மறுமொழி 2:
அண்டைவீட்டாரைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயமானது. உடைக்கும் கருவியின் அதிர்வு காங்கிரீட் தூண்கள், உத்திரங்கள் வழியாகப் பரவுவதால் இரண்டு மூன்று தளங்கள் தள்ளியிருப்பவருக்கும் தம் சுவரையே இடிப்பதுபோலக் கேட்கும். ஆகவே அந்தத் தளங்களில் இருப்பவர்களுக்கும் உடைக்கும் நாட்களையும் நேரத்தையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். இரவுப் பணியாளரிடம் நேரில் சென்று எந்த நேரம் அவருக்கு ஒத்துவரும் என்று கேளுங்கள். முன்கூட்டித் தெரிந்த சத்தத்தை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

தூசியை அலட்சியம் செய்யாதீர்கள். காங்கிரீட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குத் தீங்கானது. நீர் தெளித்து உடைக்கச் சொல்லி, வாசலைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள், வேலையாட்களுக்குத் தகுந்த முகக்கவசம் கொடுங்கள். ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள சிமெண்ட் தளத்தில் ஒரு சதுர மீட்டரே ஏறத்தாழ நூறு கிலோ இருக்கும் என்பதால், இடிபாடுகளை ஓரிடத்தில் குவிக்காமல் சிறு மூட்டைகளாக அன்றன்றே இறக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மீட்டரைப் பார்த்தேன், அது அசையவில்லை, எனவே உடைப்பதென்று முடிவு செய்துவிட்டோம். கீழ்வீட்டுக் கூரைக்கு எங்கள் செலவிலேயே வண்ணம் பூசித் தர விரும்புகிறோம். அதையும் இப்போதே செய்துவிடலாமா?

மறுமொழி 1:
சற்றுப் பொறுங்கள். கசிவு நின்றாலும் காங்கிரீட்டில் ஊறிய ஈரம் வெளியேற வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் பூசினால் வண்ணம் உரிந்துவிடும். நீர் தேக்கும் நாளில் கீழ்வீட்டாரையே கூரையைக் கவனித்துச் சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்ணம் பூசுவதற்கான நாளை அப்போது அவர்களுடன் சேர்ந்தே முடிவு செய்யலாம்.