நின்றுவிடும் பைத்தான் நிரல் எந்த வரியில் நிற்கிறது என்று கண்டறிவது எப்படி?

கேள்வி:
பல த்ரெட்களில் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பணிச்சரடுகளில்) கோப்புகளைச் செயலாக்கும் என் நிரல், சில மணி நேரம் ஒழுங்காக ஓடியபின் எந்தப் பிழைச்செய்தியும் தராமல் அப்படியே நின்றுவிடுகிறது. எங்கே நிற்கும் என்று முன்கூட்டித் தெரியாததால் பைத்தானின் பிழைதிருத்தியான பிடிபி கொண்டு, நிரலை நிறுத்திப் பார்க்கும் பிரேக்பாயிண்ட் வைக்க வழியில்லை. ஓடும் வரிகளை ஒவ்வொன்றாகக் காட்டும் ட்ரேஸ் மாட்யூலுடன் ஓட்டினாலோ வேகம் குறைந்து, சிக்கலே தலைகாட்டுவதில்லை. பைத்தானுடன் வரும் கருவிகளைக் கொண்டே இதைக் கண்டறிய இயலுமா?

பதில் 1:
இயலும். ட்ரேஸ் மாட்யூல் ஒவ்வொரு வரிக்கும் ஒரு செயற்கூற்றை அழைப்பதால் த்ரெட்கள் ஓடும் நேர ஒழுங்கே மாறிவிடுகிறது. சிக்கல் மறைவது பெரும்பாலும் அதனால்தான். ஓட்டத்தைத் தொடர்ந்து கண்காணிப்பதைவிட, நின்றபின் ‘எங்கே நிற்கிறாய்’ என்று கேட்பதே இங்கு பொருத்தமானது. பைத்தான் 3.3 முதல் உடன்வரும் ஃபால்ட்ஹேண்ட்லர் மாட்யூல் அதைத்தான் செய்கிறது. அதன் டம்ப்_ட்ரேஸ்பேக்_லேட்டர் செயற்கூற்றுக்கு 600 வினாடி என்றும், ரிப்பீட் மதிப்பை ட்ரூ என்றும் கொடுத்துவிட்டால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா த்ரெட்களின் அழைப்பு வரிசையும் (எந்தச் செயற்கூறு எதை அழைத்து, எந்த வரியில் இருக்கிறது என்பது) பதிவாகும். சி மொழியில் எழுதப்பட்ட தனிக் காவல் த்ரெட் இதை எழுதுவதால், உங்கள் த்ரெட்கள் அனைத்தும் முடங்கியிருந்தாலும் பதிவு வந்துவிடும்.

வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பிழை வரும்போது பைத்தான் காட்டும் வழக்கமான ட்ரேஸ்பேக்குக்கு நேர்மாறாக, கடைசியாக நடந்த அழைப்பு இதில் மேலே இருக்கும். கோப்பில் எழுதச் சொன்னால், அந்தக் கோப்பை நிரல் முடியும்வரை மூடக் கூடாது.

பதில் 2:
லினக்ஸ் என்றால் நேர இடைவெளியே தேவையில்லை. ஃபால்ட்ஹேண்ட்லரின் ரெஜிஸ்டர் செயற்கூற்றில் சிக்யூஎஸ்ஆர்1 சிக்னலை (வெளியிலிருந்து நிரலுக்கு அனுப்பும் ஒரு குறிப்பை) பதிந்துவிட்டு, நிரல் நின்றதும் கில் கட்டளையால் அந்தச் சிக்னலை அனுப்பினால் போதும். விண்டோஸில் இவ்வசதி கிடையாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஒரு த்ரெட் பட்டியலின் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் தடையை) பிடித்துக்கொண்டு பதிவேட்டின் பூட்டுக்காகவும், மற்றொன்று பதிவேட்டின் பூட்டைப் பிடித்துக்கொண்டு பட்டியலின் பூட்டுக்காகவும் காத்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. பைத்தான் 3.14இல், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுடன் பிடிபியை இணைக்கலாமாமே. அது இன்னும் எளிதாக இருக்குமா?

பதில் 1:
இந்த வகைச் சிக்கலுக்கு அதை நம்ப வேண்டாம். இணைக்கும் கட்டளையை முதன்மை த்ரெட் தன் அடுத்த பாதுகாப்பான இடத்தை அடையும்போதுதான் நிறைவேற்றும். அந்த முதன்மை த்ரெட்டே பூட்டுக்காகக் காத்திருந்தால் பிடிபியும் சேர்ந்து காத்திருக்கும். இப்போதைக்கு, இரண்டு த்ரெட்களும் பூட்டுகளை ஒரே வரிசையில் எடுக்குமாறு மாற்றிவிட்டு, ஃபால்ட்ஹேண்ட்லரை நீக்காமல் நிரலை ஓடவிடுங்கள்.