ஒக்டோபரில் மட்டக்களப்புப் பூங்காக்களில் படநடை: எந்த நேரம், எந்த இலை, என்ன செட்டிங்?

புளியந்தீவான்:

வணக்கம். ஒக்டோபர் மூன்றாம் கிழமை கனடாவிலிருந்து வரும் சிநேகிதனோடு மட்டக்களப்பில் படம் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அங்கே மேப்பிள் சிவக்கும் நாட்களில் பூங்கா பூங்காவாக நடந்து எடுத்துப் பழகிய ஆள். அதே மாதம் இங்கே என்ன எடுக்கலாம் என்று கேட்கிறான். கையில் இரண்டு விடியற்காலை, இரண்டு பின்னேரம். காந்திப் பூங்கா, கல்லடிக் கடற்கரை, பாலமீன்மடு வெளிச்சவீட்டடி மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. ஒரு கமரா (18–55 லென்ஸும் 50 எஃப் 1.8 லென்ஸும்), ஒரு போன்.

ஒத்திகைக்கு எடுத்தவற்றில் மூன்று பிழை திரும்பத் திரும்ப வருகிறது. மரநிழலில் ஆளை நிறுத்தினால் முகத்தில் பச்சை அடிக்கிறது. வாவியைப் பின்னால் வைத்தால் முகம் கறுத்துப்போகிறது. சிவந்த வாதுமை இலை நரம்பே தெரியாமல் சாயம் பூசின மாதிரி விழுகிறது. எப்படிச் சரிசெய்யலாம்? பின்னேர மழைக்கு என்ன ஆயத்தம் தேவை?

வாவிக்கரை:

முதலில் நேரம். குளிர்நாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருபவர்கள் இதில்தான் பிசகுகிறார்கள். அங்கே சூரியன் சரிந்து சரிந்து ஏறும், பொன்னொளி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும். இங்கே கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறும், மணிக்கு ஏறக்குறைய 15 பாகை. ஒக்டோபர் நடுவில் மட்டக்களப்பில் உதயம் 5.50 அளவில், அஸ்தமனம் 5.48 அளவில். 6.30 ஆகும்போதே சூரியன் 10 பாகை உயரத்தில் நிற்கும், மஞ்சள் போய்விடும். 7.15க்குப் பிறகு திறந்த வெளியில் ஆளை நிறுத்தினால் கண்குழியில் நிழல் விழத் தொடங்கும். நடுப்பகலில் உச்சிக்கு 16 பாகைதான் வித்தியாசம். அப்போது கமராவை மூடிவைத்துவிட்டு இடம் பார்த்து வையுங்கள்.

பின்னேரத்தில் 5.05க்கும் 5.48க்கும் இடையில் ஒளி. மறைந்த பிறகு வெளிச்சம் ஏறக்குறைய 20 நிமிடம்தான் நிற்கும். நல்ல நிறம் 5.55க்கும் 6.05க்கும் இடையில் வரும். சூரியன் விழுந்தவுடன் பையைக் கட்டிவிட்டுத் தேத்தண்ணிக்குப் போகிறவர்கள் அதைத்தான் விடுகிறார்கள்.

என் அபிப்பிராயம்: மேப்பிளுக்கு மாற்றுத் தேடாதீர்கள். இந்த மாதத்தின் விசேஷம் மேகம். கச்சான் காற்று ஓய்ந்து மாரி பிடிக்குமுன் வரும் இடைக்காலம் இது. கச்சான் மாதங்களின் தூசிப்புகாரை முதல் மழைகள் கழுவிவிடும், வாவிக்கு அப்பாலுள்ள கரை கத்தியால் வெட்டின மாதிரித் தெரியும். பின்னேரத்தில் உள்நாட்டுப் பக்கம் இடிமேகம் எழும்பும். அது மேற்கை மூடினால் நேரே திரும்பிக் கிழக்கைப் பாருங்கள். கடலுக்கு மேல் நிற்கும் உயர்ந்த மேகத்தின் தலையில், கீழே இருட்டின பிறகும் இளஞ்சிவப்பு விழும்.

ஒழுங்கு இப்படி வைக்கலாம். கல்லடி கிழக்கு நோக்கிய கரை என்பதால் விடியலுக்கு. 5.25க்கே போய் நின்றால் உதயத்துக்கு முந்தின நீலமும் கிடைக்கும். காந்திப் பூங்கா பின்னேரத்துக்கு. போனிலுள்ள திசைகாட்டியில் மேற்கைப் பிடித்து அதிலிருந்து 8–9 பாகை தெற்கே பாருங்கள், சூரியன் இறங்கும் இடம் அது. பகலிலேயே அந்தக் கோட்டில் மரமோ கட்டடமோ நிற்கிறதா என்று பார்த்து வைத்தால் பின்னேரம் ஓடித்திரிய வேண்டி வராது.

வெளிச்சவீடு 1913இல் கட்டியது, உயரம் 28 மீற்றர். கிட்ட நின்று கமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னுக்குச் சாய்ந்து விழும். உங்கள் கமரா சிறிய சென்சர் வகை என்றால் 18 மி.மீ.இல், நெட்டுப்பிடியில், கமராவைச் சாய்க்காமல் முழுக் கோபுரமும் அடங்க 42 மீற்றராவது பின்னால் போக வேண்டும். தலைக்கு மேல் கொஞ்சம் வானம் வேண்டுமென்றால் 50 மீற்றர். அப்படி எடுத்தால் படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக இருக்கும். தோணி, மழைத்தண்ணீர் தேங்கின குழி, ஏதாவது ஒன்றை அங்கே கொண்டுவாருங்கள்.

சருகு:

இலைப் பிரச்சினைக்கு வருகிறேன். வாதுமை மரம் ஒரே நாளில் முழுதாகச் சிவக்காது. பச்சைக்குள் ஐந்தாறு இலைதான் நிறம் மாறி நிற்கும். தூரத்திலிருந்து முழு மரத்தை எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு இலையைத் தேர்ந்து கிட்டப் போங்கள். பாதி மாறின இலை முழுதாகச் சிவந்ததைவிட நல்லது: காம்புப் பக்கம் ஒடுங்கி நுனிப் பக்கம் அகன்ற அந்த இலையில், நடுநரம்பை ஒட்டிப் பச்சை கொஞ்சம் மிஞ்சியிருக்கும், அடுத்து மஞ்சள், ஓரத்தில் கருஞ்சிவப்பு. பூச்சி தின்ற ஓட்டைகளையும் விலக்காதீர்கள். பின்னொளியில் அவை ஒளிப்புள்ளியாக நிற்கும்.

சாயம் பூசின மாதிரி வருவதற்குக் காரணம் சிவப்புச் சனல் மட்டும் நிரம்பி வழிவது. சாதாரண ஹிஸ்டோகிராம் (ஒளியின் அளவைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறத்தையும் சேர்த்துக் காட்டுவதால் இது தெரியாது. கமராவில் மூன்று நிற ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள், சிவப்பு வலது சுவரில் மோதி நிற்கும். எக்ஸ்போஷரை 0.7 தொடக்கம் 1 ஸ்டொப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டொப் குறைந்தால் ஒளி பாதியாகும்). கமராவின் நிறப் பாணியை (பிக்சர் ஸ்டைல்) விவிட்டில் வைத்திருந்தால் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். வைற் பலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமநிலை) ஓட்டோவில் இருந்தால் கமரா சிவப்பு கூடிவிட்டது என்று நினைத்து நீலத்தைக் கலக்கும், 5200 கெல்வினில் பூட்டிவிடுங்கள். ரோ ஃபைலில் (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) எடுப்பது இங்கே கட்டாயம் என்றே சொல்வேன். போனில் இலையின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டி, சூரியக் குறியைக் கீழே இழுங்கள்.

நரம்பு தெளிவாக வேண்டுமென்றால் சூரியனை இலைக்குப் பின்னால் வைத்து, கீழிருந்து எடுங்கள். 50 மி.மீ. லென்ஸில் 1 மீற்றர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 2.7 செ.மீ.தான், எஃப் 4இல் 6 செ.மீ. வாதுமை இலை 20 செ.மீ. நீளம் வரும். ஆகவே கமராவின் பின்முகத்தை இலைக்குச் சமாந்தரமாகப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் காம்பு தெளிவு, நுனி கலங்கல். எஃப் 4, ஷட்டர் 1/250, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 200–400 போதும். கடற்காற்று எழும்பின பிறகு 1/500க்குக் குறைய வைக்காதீர்கள். விடியலில் காற்று அடங்கியிருக்கும், இலை வேலையை அப்போதே முடியுங்கள்.

மழை விட்ட பிறகு இலை மினுங்கி நிறத்தை மறைக்கும். போலரைசர் (மினுக்கத்தை வெட்டும் லென்ஸ் வடிகண்ணாடி) போட்டு மெதுவாகத் திருப்பினால் மினுக்கம் விலகி அடியிலுள்ள சிவப்பு வெளியே வரும். ஒன்று, ஒன்றரை ஸ்டொப் ஒளி குறையும், அதற்கேற்ப ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள்.

வாவிக்கரை:

போலரைசர் பற்றி ஒரு எச்சரிக்கை. 18 மி.மீ.இல் வானத்துக்கு அதைப் போட்டால் ஒரு பக்கம் கடுநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் பட்டையாக விழும். அதைப் பிறகு திருத்துவது பெரிய மினக்கேடு. வாவியில் மேகத்தின் நிழல் விழுந்திருக்கும்போதும் கழற்றிவிடுங்கள், நீங்கள் எடுக்க வந்த பிரதிபலிப்பையே அது அழித்துவிடும்.

வெள்ளைப்பலகை:

முகம் பச்சையடிப்பது கமராவின் குற்றம் இல்லை. மேலே இலைக் கூரை, கீழே புல், இரண்டும் பச்சையை முகத்தில் தெறிக்கின்றன. நாடிக்குக் கீழும் கழுத்திலும் அதிகமாகத் தெரிந்தால் புல்தான் காரணம். ஆளை மரத்தடியிலிருந்து நிழலின் விளிம்புக்குக் கொண்டுவந்து, முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே, காலடியில் புல் இல்லாமல் மணல் அல்லது சீமெந்துத் தரை இருந்தால் பாதிப் பச்சை போய்விடும். மீதிக்கு, முகம் நிற்கும் அதே இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதிலிருந்து வைற் பலன்ஸை எடுங்கள். எடுத்து முடிந்த படமென்றால் திருத்தும் செயலியில் டின்ட்டை (பச்சை–மஜென்டா அளவை) மஜென்டா பக்கம் 8 தொடக்கம் 15 வரை தள்ளிப் பாருங்கள். அதற்கு மேல் போனால் உதடு ஊதா அடிக்கும்.

வாவி பின்னால் வரும்போது முகம் கறுப்பது, கமரா தண்ணீரின் பளபளப்பைப் பார்த்து ஒளியைக் குறைப்பதால். எளிய மருந்து ஒரு ரெஜிபோம் (வெள்ளை நுரை) பலகை. இரண்டடிக்கு இரண்டடி வெள்ளைத் துண்டு காணும். கிடைக்காவிட்டால் பிரிஸ்டல் போர்ட் தாளை ஒரு அட்டையில் ஒட்டுங்கள். முகத்துக்கு ஒரு மீற்றருக்குள், மார்பு உயரத்தில், வெயில் வரும் பக்கத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். காலடியில் வைத்தால் ஒளி கீழிருந்து வந்து மூக்கின் நிழல் மேலே போகும், பேய்க்கோலமாக இருக்கும். பலகை இல்லாவிட்டால் கமராவிலுள்ள பிளாஷை ஒரு ஸ்டொப் குறைத்துப் போடுங்கள். எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 100இல் அது 2 மீற்றருக்கு மேல் எட்டாது, தள்ளி நின்று போட்டுப் பயனில்லை. ஷட்டரை 1/200க்கு மேல் ஏற்றாதீர்கள்.

ஒன்றை மனதார வேண்டிக்கொள்கிறேன்: எங்கள் நிறத்தை வெளுக்க வைக்காதீர்கள். நெற்றியும் கன்ன மேடும் மினுங்கி, மீதி அதன் சொந்த நிறத்தில் நிற்பதே சரியான எக்ஸ்போஷர். போனில் அழகூட்டும் செட்டிங் இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

இரண்டு பேர் நடப்பதால் ஒருவர் எடுக்க மற்றவர் பலகை பிடிக்கலாம், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்தால் வீட்டில் பார்க்கும்போது ஒரே படம் இரண்டு தடவை இருக்கும். ஒருவர் வெயிலைப் பார்த்து நின்றால் மற்றவர் அதற்குச் செங்கோணமாகப் போகட்டும். வலை வீசுபவரை எடுக்கும்போது இந்தப் பிரிவு நன்றாக உதவும்: பக்கவாட்டிலிருந்து எடுப்பவருக்கு வலை விரியும் வட்டம் கிடைக்கும், எதிரொளியில் நிற்பவருக்கு வலையிலிருந்து சிந்தும் துளிகள் கிடைக்கும். 1/1000, தொடர் ஓட்டம், கை பின்னால் போகும்போதே அழுத்தத் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டு எடுங்கள். படத்தைத் திருப்பிக் காட்டினால் பெரும்பாலும் இன்னொரு தடவை வீசிக் காட்டுவார்கள்.

புளியந்தீவான்:

மிக்க நன்றி, எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். சிநேகிதன் ஏசி அறையில் தங்குவான். கல்லடிக்குப் போய் இறங்கியவுடன் லென்ஸ் புகார் மூடும் என்கிறார்கள். அதற்கும் கடற்கரை உப்புக்கும் என்ன செய்யலாம்?

உலர்பெட்டி:

குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிவதுதான் அந்தப் புகார். துடைத்தால் திரும்ப வரும், உப்போடு சேர்ந்து கீறலும் விழும். புறப்படுவதற்கு அரை மணித்தியாலம் முன்பு, அறைக்குள்ளேயே கமராவை சொப்பிங் பேக்கில் போட்டு, காற்றை அமத்தி வாயை முடிந்து, அப்படியே வெளியே எடுத்து வையுங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும். 5.25க்குக் கல்லடியில் நிற்பதென்றால் 4.50க்குப் பை வெளியே இருக்க வேண்டும். இன்னும் சுலபம், இரவே கமராவை ஏசி இல்லாத அறையில் வைப்பது.

கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். 18–55ஐப் போட்டால் அதோடேயே நில்லுங்கள். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால். கண்ணாடிக்கு முதலில் ஊதுபந்து, பிறகுதான் துணி. ட்ரைபொட் கால் மணலில் புதைந்திருந்தால் கால்களைக் கழற்றிக் கழுவுங்கள். அப்படியே மடக்கினால் மணல் திருகுக்குள் போய் அடுத்த நாள் இறுகிவிடும்.

நுளம்புக் கிரீமைக் கவனியுங்கள். அதில் டீட் இருந்தால் பிளாஸ்டிக்கையும் றப்பரையும் கரைக்கும். கமராவின் கைப்பிடி பிசுபிசுத்துப்போக அது ஒரு காரணம். பின்னேரம் பூங்காவில் கிரீம் பூசாமல் நிற்க ஏலாது. பூசிவிட்டு உள்ளங்கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மாரி தொடங்கினால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும் காலமும் தொடங்கும். காற்றுப் புகாத மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி. முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும், 60ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம். செம்மஞ்சள் மணி பச்சையானால் 120 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் அவனில் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசிக்குள் கமராவைப் புதைக்க வேண்டாம், மாத்தூள் உள்ளே போகும்.

வாவிக்கரை:

மழையைவிட இடியைத்தான் இந்த மாதம் பார்க்க வேண்டும். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைந்தால் அது 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. தனி மரத்தடியும் வாவிக்கரையும் கையில் இரும்புக் காலும் அப்போது மோசமான கூட்டு. கட்டடத்துக்குள் போய், கடைசி முழக்கத்துக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். காவல் நிலைகளையும் படை முகாம்களையும் எடுக்காதீர்கள். ட்ரோன் கொண்டுவருவதாக இருந்தால் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளை வரமுன்பே பார்த்து, வேண்டிய அனுமதியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பின்னேர மழை 3 மணிக்குத் தொடங்கி 4.30க்கு விட்டால் அன்றைக்கே காந்திப் பூங்காவுக்குப் போங்கள், மற்றத் திட்டம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு. தரையில் தேங்கின தண்ணீர் ஒரு மணித்தியாலத்துக்குள் மண்ணுக்குள் போய்விடும். போனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தண்ணீருக்கு இரண்டு விரல்கடை மேலே நிற்கும்படி பிடித்தால் ஒரு சாண் அகலக் குழியிலும் முழு வானம் விழும்.