ஆமிஷ்காரங்க பழக்கின வண்டிக்குதிரை வாங்கினவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம் மக்களே. அமெரிக்காவுல ஒஹையோல இருக்கோம், நாலு சக்கர வண்டிக்கு ஆமிஷ்காரங்க (கார் ஓட்டாம குதிரை வண்டியிலயே போற கிறிஸ்தவ சமூகம்) ஓட்டிப் பழக்கின குதிரை ஒண்ணு வாங்கலாம்னு ஹோம்ஸ் கவுண்டி பக்கம் தேடிட்டு இருக்கோம். பெரும்பாலும் ஸ்டாண்டர்ட்பிரெட் (வண்டி ரேஸ்ல ஓடுற குதிரை இனம்) தான் வருது, நிறைய ரேஸ்ல ஓடி ரிட்டயர் ஆகி பக்கி (ஆமிஷ்காரங்க குதிரை வண்டி) இழுக்க வந்ததுங்க. லாரி உரசுற மாதிரி போனாலும் காதைக்கூட ஆட்டல, அது உண்மையிலேயே பெரிய விஷயம்.

ஆனா நேத்து பார்த்த பழுப்புக் குதிரை, நாங்க ஏறி உக்கார்றதுக்குள்ளயே கிளம்பிடுச்சு. மெதுவா நடக்கவே தெரியல, ஒரே ஓட்டம், நிறுத்தினா முன்னங்காலால தார் ரோட்டைச் சுரண்டுது. எங்களுக்கு வேணுங்கிறது ஸ்டாப் சைன்ல சும்மா நிக்கிற குதிரை. இந்தப் பழக்கத்தை மாத்த முடியுமா, எவ்ளோ நாள் ஆகும்?

குதிரை கழுத்துல ஃப்ரீஸ் பிராண்ட் (குளிர வச்ச இரும்பால போட்ட அடையாளக் குறி) இருக்கு, அதை வச்சு வயசு, பழைய ரேஸ் ரெக்கார்ட் எல்லாம் எடுத்துடலாம், காகின்ஸ் டெஸ்ட் (குதிரைக்கு வர்ற தொற்று ரத்தசோகை இருக்கான்னு பார்க்கிற ரத்தப் பரிசோதனை) பேப்பரும் விக்கிறவர் வச்சிருக்கார். எனக்கு பயமெல்லாம் கால் மேல தான், வருஷக்கணக்கா தார் ரோட்டுல ஓடினதுக்கு முட்டி, குளம்பெல்லாம் என்ன கதில இருக்குமோ. குதிரை டாக்டரை வச்சு எக்ஸ்ரே எடுக்கணுமா, இல்ல ஓடவிட்டுப் பார்த்தா போதுமா? அப்புறம் பிளைண்டர்ஸ் (பக்கத்துல, பின்னாடி பார்க்க விடாத கண் மறைப்பு) இல்லாம இதுங்கள ஓட்டவே கூடாதுங்கிறாங்க, நெஜமா?

ஏலத்துல விலை குறையலாம், ஆனா ஓட்டிப் பார்க்க டைம் கிடைக்காதுன்னு வீட்டம்மா ஒத்துக்கல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ், சனிக்கிழமைக்குள்ள அவருக்குப் பதில் சொல்லணும்.